ஐஸ் மலை நீலம்தான்

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, என் வாண்டு மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கப்பலில் சேர்ந்துவிட்டேன். "உனக்கென்ன, கடலைப் பார்த்துக்கிட்டே காலை ஆட்டிக்கிட்டு இருப்பே" என்று கேலி செய்தாயே, இங்கே வந்து பார். சலவைக்கூடம் கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. ஜன்னலே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் என்கிறார்கள், நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நாள் முழுக்கத் துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் வந்து குவிகின்றன. பெரிய துவைக்கும் இயந்திரத்துக்கு நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். எவ்வளவு போட்டாலும் போதாது, எந்நேரமும் இரைச்சல். எங்கள் மேலாளருக்குப் பெயர் 'கஞ்சி'. கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பயணிகள் எல்லாரும் பனியாறு பார்க்க வருகிறவர்கள். மலை மேலே உறைந்துபோன பனி, உறைந்தபடியே இறங்கிக் கடலுக்கு வருமாம். இன்னும் சில நாளில் கப்பல் அங்கே போய் நிற்கும்.

வாண்டு என்ன செய்கிறாள்? மத்தியானம் அவள் தூங்குகிற நேரம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான்கு வயது நிரம்பாத பிள்ளை. அவள் அப்பன் இன்னொருத்தியோடு போனதும் அவளுக்குத் தெரியாது, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதும் தெரியாது. "அம்மா ஐஸ் மலை பார்க்கப் போயிருக்கா, பார்த்துட்டு வந்து உனக்குக் கதை சொல்லுவா" என்று சொல்லி வை. எட்டு மாத ஒப்பந்தம்தான். திரும்பி வந்து உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்து நானும் அவளுமாக இருந்துகொள்வோம். அந்த ஓர் அறைக்காகத்தான் இத்தனை துண்டும்.

மாமாவை மிகவும் விசாரித்ததாகச் சொல். வாண்டுக்கு அவள் அம்மாவின் முத்தங்கள்.

உன் தங்கை

*

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாயா?

நீ போன அன்று வாண்டு எழுந்து கட்டிலுக்கு அடியில் தேடினாள். கதவுக்குப் பின்னால் தேடினாள். ஆணியில் தொங்கிய மாமாவின் பஸ் டிரைவர் சட்டையை விலக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம் ஐஸ் மலை கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாளும் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தாள்.

இப்போது பரவாயில்லை. என்னோடு வேலைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறாள். கண்ணாடி மாட்டாத பிரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மிரட்டுகிறாள். எங்கள் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்து பழகிவிட்டது, உனக்குத் தெரியும். நேற்று மாமாவின் ஒரு செருப்பு தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. திட்டப் போகிறார் என்று பார்த்தால், தொட்டியருகே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். கல்யாணமான நாளாக அந்த மனிதர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? போனில் நீ பேசிவிட்டு வைத்தாயா, இவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குள் போக வழி தேடினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு தொடவில்லை. கொஞ்ச காலத்துக்குப் போன் வேண்டாம். கடிதம் எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். கதை கேட்பது போலக் கேட்பாள், அழமாட்டாள்.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். "அம்மாவை வரச் சொல்லு" என்று எழுதும்படி வாண்டு உத்தரவு. எழுதிவிட்டேன்.

அக்கா

*

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல்.

போன் வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு மாமியார் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று அழுதால் யாருக்கும் கேட்காது. பிறகு யோசித்தேன். நீ சொல்வதுதான் சரி. அவள் சாப்பிட வேண்டும்.

இதை வாண்டுக்கு வாசித்துக் காட்டு: கண்ணு, அம்மா ஐஸ் மலை பார்த்தேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி அது வெள்ளை இல்லை, நீலம். உன் ஸ்வெட்டர் இருக்கே, அந்த நீலம். கப்பல் அதுக்கு முன்னாடி போய் நின்னு, தட்டாமாலை சுத்துற மாதிரி மெதுவா ஒரு சுத்து சுத்தும். அப்போதானே ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பார்க்க முடியும்? அம்மா உனக்காக ரெண்டு தடவை பார்த்தேன்.

இனி வருவதை வாசிக்காதே. நான் இன்னும் பார்க்கவில்லை அக்கா. பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நிற்கிற நாள்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மேல்தளத்தில் குளிர் என்று எல்லாருக்கும் சிவப்புக் கம்பளி கொடுப்பார்கள், கையில் சூடாக சூப் கொடுப்பார்கள். பார்த்து முடித்ததும் அந்தக் கம்பளிகள் எங்களிடம் வரும், ஈரமும் சூப் கறையுமாக. கப்பல் நின்றது எங்களுக்குக் காலில்தான் தெரியும். தரையின் நடுக்கம் குறையும், அப்போது "வந்துடுச்சு" என்று யாராவது சொல்வார்கள், நாங்கள் மடித்துக்கொண்டே இருப்போம். நீலம் என்பது அறைகளைச் சுத்தம் செய்கிற பெண் சொன்னது. அவளும் ஓர் அறையின் ஜன்னல் வழியே, தலையணை உறை மாற்றும்போது பார்த்தாளாம்.

பிள்ளைக்குப் பொய் எழுதியது உறுத்துகிறது. ஒரு நாள் பார்க்காமலா போய்விடுவேன்?

மாமாவின் செருப்பை விசாரித்ததாகச் சொல். என் தங்கத்துக்கு அவள் அம்மாவின் முத்தங்கள்.

உன் தங்கை

*

செப்டம்பர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். குளிர் ஒத்துக்கொள்கிறதா?

வாண்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. முதல் வாரமே புகார். ஒரு பையன் "உனக்கு அம்மா இல்லை" என்று சொல்லியிருக்கிறான், இவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். பல் தடம் அச்சாக விழுந்திருந்தது, நம் குடும்பத்துப் பல்லல்லவா. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், வாண்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், "பெரியம்மா, இங்க மட்டும் உன்னை அம்மான்னு சொல்லிக்கட்டுமா?"

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டி வந்துவிட்டால் பழையபடி பெரியம்மா. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். 

உன் ஐஸ் மலைக் கதையைத் தினமும் வாசிக்கச் சொல்கிறாள். கடிதம் மடிப்பு விட்டுக் கிழிய ஆரம்பித்துவிட்டது. ஐஸ் மலை உடைந்து விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். மாமாவும் விசாரித்தார்.

அக்கா

*

அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலந்தானே? நான் நலம்.

இதற்கெல்லாமா என்னைக் கேட்பாய்? வாசல் வரைக்கும் என்ன, கூரை மேல் ஏறி நின்று கூப்பிடட்டும். பிள்ளையை எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். கடித்தது பற்றிக் கேட்டு இங்கே எல்லாரும் சிரித்தோம். கஞ்சிகூட உதட்டை ஒரு மாதிரி கோணினார், சிரிப்பு என்றே கணக்கு வைத்துக்கொண்டோம்.

சத்தத்தை அறைப் பெண்ணிடம் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை என்றாள். நான் நேரில் வந்து சொல்வதாகச் சொல். கப்பல் இப்போது வெயில் கடல் பக்கம் வந்துவிட்டது. பனியாறு இனி அடுத்த பருவத்தில்தான்.

நல்ல செய்தி கேள். ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது. ஆறு வாரம் விடுமுறை, அதற்குப் பிறகு இன்னொரு ஒப்பந்தம் தருவார்கள். அந்த ஆறு வாரத்தில் ஓர் அறையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடலாம். உனக்கும் சுமை குறையும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக ஏதாவது காலியாகிறதா என்று மாமாவைப் பார்த்து வைக்கச் சொல்.

என் கடிநாய்க்கு அவள் அம்மாவின் முத்தங்கள்.

உன் தங்கை

*

டிசம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை அதிகம்.

நீ ஆறு வாரத்துக்கு வருவது பற்றி நானும் மாமாவும் பேசினோம். வராதே என்று சொல்வதாக நினைக்காதே. இப்போதுதான் அவள் கட்டிலுக்கு அடியில் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறாள். நீ வந்து, ஆறு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? ஒரேயடியாக அடுத்த ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டு வா. வந்தால் போகாத மாதிரி வா. யோசித்துப் பார், நான் சொல்வதில் தப்பிருந்தால் சொல்.

இடம் ஒன்றும் காலியாக இல்லை.

வாண்டு வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. மாமா உன்னை விசாரித்தார்.

அக்கா

*

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கையெழுத்து போன கடிதத்தில் கொஞ்சம் கோணலாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நீ சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். கடைசியில் விடுமுறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கஞ்சி காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "குழந்தை இருக்குன்னு சொன்னியே?" என்றார். அதனால்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கும் பாதி புரியவில்லை. இந்தத் தடவை ஒன்பது மாதம், அக்டோபரில் வருவேன். வந்தால் போக மாட்டேன்.

படத்தை என் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இரண்டு பெரியவர்கள், நடுவில் அவள், மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள். மேல் மூலையில் பறவை மாதிரி ஒன்று, அது கப்பல்தானே? அவள் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறாளே, அது என்ன?

இன்னொன்று. உன் கடிதத்தின் முடிவில் மாமா விசாரித்தார் என்று மட்டும் இருந்தது. வாண்டு என்னைக் கேட்கவில்லையா? எழுத இடமில்லாமல் விட்டிருப்பாய். அடுத்த தடவை சின்ன எழுத்தாக எழுது.

அவளுக்கு அவள் அம்மாவின் முத்தங்கள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம்.

வட்டம் மூக்குக்கண்ணாடி. கடையில் விளையாட்டாக எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன், தூரத்து எழுத்து தெரியவில்லை. அன்றைக்கே போட்டுவிட்டோம். உனக்கு எழுதியதாகவே நினைத்திருந்தேன்.

மாமாவுக்குப் பழைய வழித்தடத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது பாலம் வழியாகப் போகிறார். மழை வந்தால் அந்த பஸ் முழுக்க ஒழுகுகிறது, டிரைவர் இருக்கைக்கு மேலேயே குடை கட்டியிருக்கிறார். எங்கள் குளியலறைக் கதவு ஊதிப் போய்ச் சாத்த வரவில்லை.

பிப்ரவரியில் வாண்டுக்கு நல்ல ஜுரம். நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்றுதான் எழுதவில்லை. ஒரு நாள் உடம்பு அனலாகக் கொதித்தது, "அம்மா, அம்மா" என்று புலம்பினாள். நான் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், கவலைப்படாதே.

மாமா விசாரித்தார்.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை.

கப்பல் மறுபடி பனி பக்கம் வந்துவிட்டது. கம்பளிகள் ஈரமாக வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றாக உதறும்போதும் உன் ஏப்ரல் கடிதம்தான் மனதில் ஓடுகிறது. ஜுரத்தில் என் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டாளே, யாரைக் கூப்பிட்டாள்? பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் உன்னை அவள் என்னவென்று கூப்பிடுகிறாள்?

குளியலறைக் கதவைப் பற்றி எழுதாதே அக்கா. இதற்குப் பதில் எழுது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் நீ சுகமாக இருக்க வேண்டும்.

வாசலில்தான் ஆரம்பித்தது. பிறகு பள்ளிக்கூடத் தெரு முனை வரைக்கும் வந்தது, கூடப் படிக்கிற பிள்ளைகள் அந்த வழியாகத்தானே வருகிறார்கள். அப்புறம் எப்போது படியேறி வீட்டுக்குள் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு நாள், வீட்டில் பெரியம்மான்னு கூப்பிடணும் என்று ஞாபகப்படுத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஏன், நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்தும் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

உன் கடிதங்களை வாசிக்கும்போது "அம்மா" என்று வருகிற இடத்தில் அவள் குழம்பிப் போய் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை தாங்காமல் "சித்தி" என்று மாற்றி வாசித்தேன். ஒரு தடவை மாற்றிய பிறகு திரும்ப முடியவில்லை.

இப்போது அவள் தானே எழுதுகிறாள். உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். எழுத்து மறந்தால் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். எதையும் திருத்தவில்லை. நான் வாயால் சொல்ல முடியாததை நீ அதில் பார்த்துக்கொள்.

அக்டோபரில் நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ என்று எழுத வேண்டும். அதுதான் நியாயம். அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. மாமா இரண்டு நாளாக அவள் பள்ளிச் செருப்பைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

அக்கா

அன்புள்ள சித்திக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. நான் கண்ணாடி போட்டிருக்கேன். எங்க டீச்சர் ஐஸ் வெள்ளைன்னு சொன்னாங்க. நீங்க நீலம்னு எழுதினீங்க. சித்தி பொய் சொல்ல மாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. ஐஸ் மலை விழுந்தா என்ன சத்தம். ஐஸ் மலை பார்த்து முடிச்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. அப்பாவும் அம்மாவும் உங்களை விசாரிச்சாங்க.

*

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். கடிதத்தைக் கிழித்துக் கடலில் போட வேண்டும் என்று கை பரபரத்தது. கிழிக்கவில்லை, அதில் அவள் கையெழுத்து இருக்கிறது.

சலவைக்கூடத்தில் நின்றபடியேதான் படித்தேன். தரையின் நடுக்கம் குறைந்தது, "வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். கஞ்சி வந்து என் முகத்தைப் பார்த்தார். காய்ந்த கம்பளிகளை ஒரு கட்டு எடுத்து என் கையில் வைத்து, "மேல கம்பளி பத்தலையாம். கொண்டுபோய்க் குடு. அவசரமா திரும்ப வேண்டாம்" என்றார். மேலே போனால் எல்லாரிடமும் கம்பளி இருந்தது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கப்பல் ஒரு சுற்று சுற்றி முடிக்கும் வரை நின்றேன்.

அக்டோபரில் வருகிறேன். நான் வருவதற்குள் அவளுக்கு உண்மையைச் சொல்லித் திருத்தலாம் என்று நினைக்காதே. ஒரு தடவை அம்மா காணாமல் போய்க் கட்டிலுக்கு அடியில் தேடினவள். இப்போது உன்னையும் "அம்மா இல்லை" என்று சொன்னால் அவள் மறுபடி எங்கே போய்த் தேடுவாள்? இரண்டாவது தடவையும் என் பிள்ளைக்கு அம்மா தொலைய வேண்டாம். அறை பார்க்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல். உன் கூடத்தில் எனக்கு ஒரு பாய் போதும்.

இதற்குமேல் எழுதினால் உன்னைத் திட்டிவிடுவேன். கீழே உள்ளதை அவளுக்கு வாசித்துக் காட்டு. இந்த முறை எந்த இடத்திலும் மாற்றி வாசிக்க வேண்டியிருக்காது.

உன் தங்கை

அன்புள்ள வாண்டுக்கு,

நான் நல்லா இருக்கேன் கண்ணு. உன் எழுத்து ரொம்ப அழகா இருந்தது. கண்ணாடி போட்ட உன்னைப் பார்க்க ஆசையா இருக்கு.

ஐஸ் மலை நீலம்தான். உன் டீச்சர் கிட்டப் போய்ப் பார்த்திருக்க மாட்டாங்க. மேல வெள்ளையா இருக்கும், உடைஞ்ச இடத்துல உள்ளே நீலமா இருக்கும். இந்தத் தடவை நானே பார்த்தேன். முன்னாடி எழுதினது மத்தவங்க சொல்லிக் கேட்டது. அதனால அது பாதிப் பொய், இது முழுசா நிஜம்.

சத்தம் கேட்டியே. ஒரு வீடு அளவுக்கு ஐஸ் அப்படியே பிரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துச்சு. விழும்போது ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காது அடைச்சுடுச்சோன்னு நினைச்சேன். எல்லாம் விழுந்து முடிஞ்ச பிறகுதான், தூரத்துல இடி இடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. அவ்வளவு தூரத்துல நின்னா அப்படித்தானாம், சத்தம் வந்து சேர நேரம் ஆகுமாம். அலை வந்து கப்பலை மெதுவா ஆட்டுச்சு. நான் கம்பளியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

ஐஸ் மலை பார்த்து முடிச்சாச்சு. உங்க வீட்டுக்கு வரேன். நேரத்துக்குச் சாப்பிடு, யாரையும் கடிக்காதே.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். அம்மாவையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கப்பல் சித்தி